காரணமா, மோதலா: கதையை எது நகர்த்துகிறது?

ஒரு கடிதம் தவறான வீட்டுக்குப் போகிறது. அங்கிருப்பவள் பிரித்துப் படிக்கிறாள். படித்ததால் அன்றிரவே ஊரை விட்டுக் கிளம்புகிறாள். இது காரண காரியச் சங்கிலி. இரண்டு காட்சிகளுக்கு நடுவே 'அதனால்' பொருந்த வேண்டும். 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறது என்றால் கண்ணி விட்டுப்போயிருக்கிறது.

மோதலின் வேலை வேறு. கிளம்பும்போது அக்கா வாசலை மறித்து நிற்கிறாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இங்கேதான் பக்கத்தைப் புரட்டும் அவசரம் வருகிறது.

சரி, மோதல் கட்டாயமா? இல்லை. ஜப்பானியர்களின் 'கிஷோதென்கெட்சு' என்ற நான்கு பகுதி அமைப்பு, சண்டையை நம்பாமல் மூன்றாம் பகுதியில் வரும் திருப்பத்தை நம்புகிறது. எனக்கு ஒத்துவராதது காரணமே இல்லாத மோதல்தான். யார் ஜெயித்தால் என்ன என்று தோன்றிவிடும். அதனால் முதலில் 'அதனால்'களைக் கோத்துவிட்டு, அப்புறம்தான் அக்காவை வாசலுக்கு அனுப்புவேன்.