கடனைத் தீர்த்துத் தருகிறோம் என்றவர்களிடம் 3,600 ரிங்கிட்டைப் பறிகொடுத்தேன்

இன்று காலை இரவு ஷிப்டு முடிந்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல், மோட்டார் சைக்கிளைப் பினாங்கு பெர்ரியில் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்துக்குப் போனேன். கடைவீட்டு வரிசையொன்றின் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தின் இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் எஞ்சியிருந்தன. கீழே உதிரிபாகக் கடை நடத்தும் சீனப் பெரியவர், நான் வாய் திறப்பதற்குள்ளாகவே, "சூடா பிண்டா" என்றார், காலி செய்துகொண்டு போய்விட்டார்கள் என்று மலாயில். இந்த வாரம் இப்படி வந்து கேட்டவர்களில் நான் மூன்றாவது ஆள் என்று விரல்களைக் காட்டினார். போன பணம் 3,600 ரிங்கிட். ஆத்திரம் ஆறிய பிறகு எழுதலாம் என்று விட்டால் வெட்கம் வந்து தடுத்துவிடும் என்பதால், தூக்கக் கலக்கத்தோடு இப்போதே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்னை ஏமாற்றியவர் வட்டிக்காரர் அல்லர். வட்டிக்காரர்களிடமிருந்து என்னை மீட்டுத் தருவதாகச் சொன்னவர்கள். "கடன் தீர்வு ஆலோசனை" என்று தங்களை அழைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்த நிறுவனம் அது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது, ஏனெனில் வேறு பெயரில் வேறு மாடியில் பலகை மாட்ட அவர்களுக்கு ஒரு பகல் போதும்.

என் கடன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓவர்டைம் குறைந்த மாதத்தில், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் மோட்டார் சைக்கிள் பழுதும் சேர்ந்து வந்தன. சம்பள நாள் வரை சமாளித்தால் போதும் என்று நினைத்து, விளம்பரத்தில் உரிம எண் போட்டிருந்த ஒரு கடன் கடையில் 1,500 ரிங்கிட்டுக்குக் கையெழுத்திட்டேன். கைக்கு வந்தது 1,200. மாதம் 300 வீதம் ஆறு மாதம் கட்ட வேண்டும். அந்தத் தவணையைக் கட்ட முடியாதபோது வாட்ஸ்அப்பில் வந்த ஒருவரிடம் வாங்கினேன். அவர் 700 கொடுத்து, ஏழு நாளில் 1,000 கேட்பார். முடியாவிட்டால் 300 கட்டி ஒரு வாரம் தள்ளிப்போடலாம். நான் நான்கு முறை தள்ளிப்போட்டேன், அதாவது 1,200 கட்டிய பிறகும் அந்த 1,000 அப்படியே நின்றது. மூன்றாவது, கைப்பேசிச் செயலி ஒன்று. 350 கொடுத்து 500 எழுதிக்கொண்டது, கூடவே என் தொடர்பு எண்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டது. மூவரிடமும் சேர்த்து என் கைக்கு வந்தது 2,250 ரிங்கிட். அபராதம், தாமதக் கட்டணம் என்று ஏற்றி அவர்கள் கேட்டது 6,150.

இந்த நிலையில்தான், "ஆலோங் தொல்லையா? இனி நிம்மதி" என்று தமிழில் ஒரு விளம்பரம் முகநூலில் என் கண்ணில் பட்டது. உரிமமில்லாத வட்டிக்காரர்களை இங்கே ஆலோங் என்போம். ஒரு சனிக்கிழமை போனேன். குளிரூட்டிய சிறிய அறை, சுவரில் மகாலட்சுமி படம், அதன் அருகே சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று. அந்தச் சான்றிதழ் மலேசிய நிறுவன ஆணையத்தில் நிறுவனத்தைப் பதிந்ததற்கான தாள் மட்டுமே என்பதும், அப்படிப்பட்ட தாளை மளிகைக் கடையும் முடிதிருத்தும் கடையும் வைத்திருக்கலாம் என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், "உட்காருங்கண்ணே, முதல்ல தண்ணி குடிங்க" என்றார். என் கடன்களை ஒரு தாளில் கோடு போட்டு, யாரிடம் எவ்வளவு, எத்தனை தவணை கட்டினேன் என்று நிதானமாக எழுதினார். அத்தனை வாரங்களில், என் கடன் கதையைக் கேட்டு முகம் சுளிக்காத முதல் மனிதர் அவர்தான். என் மனைவியிடம்கூட முழுத் தொகையை நான் சொல்லியிருக்கவில்லை, அவரிடம் சொன்னேன்.

பிறகு அவர் தம் கைப்பேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அந்த வாட்ஸ்அப் வட்டிக்காரரை அழைத்தார். மலாயில், குரலை உயர்த்தாமல், 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டத்தைச் சொல்லி, உரிமமில்லாமல் தொழில் செய்தால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். மறுமுனையில் இருந்தவர் முதலில் எகிறினார், பிறகு இறங்கி வந்தார், கடைசியில் 1,100 கொடுத்தால் கணக்கை முடித்துக்கொள்வதாகச் சொன்னார். நள்ளிரவில் என்னை வாய்க்கு வந்தபடி ஏசிய அதே ஆள், ஒரு பெண்ணின் நான்கு வாக்கியங்களுக்கு அடங்கிப்போனதைக் கேட்டபோது, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் விழுந்த இடம் அதுதான். வட்டிக்காரரின் எண் எழுதிய தாள் அப்போது மடித்தபடியே என் பையில் இருந்தது என்பதையும், அந்தப் பெண் அந்த எண்ணை என்னிடம் கேட்கவே இல்லை என்பதையும் ஐந்து வாரம் கழித்து, இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருக்கும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அன்று பேசியது யார் என்று எனக்குத் தெரியாது. வட்டிக்காரர் அல்லர் என்பது மட்டும் தெரியும், ஏனெனில் அதன் பிறகும் அவர் அதே 1,000ஐயும் அபராதத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோப்பு திறக்க 600 ரிங்கிட், அன்றே ரொக்கமாகக் கொடுத்தேன். மூன்று கடன்களையும் 3,000 ரிங்கிட்டுக்குள் பேசி முடித்துவிடலாம் என்றும், அந்தத் தொகையை மொத்தமாகத் தங்களிடம் கட்டினால் தங்கள் வழக்கறிஞர் வழியாகப் பட்டுவாடா செய்வதாகவும் சொன்னார். என் மனைவியின் இரண்டு வளையல்களை அடகுக்கடையில் வைத்து, செவ்வாய்க்கிழமை 3,000ஐ வங்கிச் செயலியில் அனுப்பினேன். அனுப்பும்போது கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருப்பதைத் திரை காட்டியது, அழைத்துக் கேட்டேன். "கம்பெனி கணக்கு ஆடிட்ல இருக்குண்ணே, இது டைரக்டரோட கணக்கு, பயப்படாதீங்க" என்றார். வங்கியே நிறுத்தி நிதானித்துப் பெயரைக் காட்டியும் நான் சரி என்று அழுத்தினேன். மொத்தம் 3,600. கூடவே ஓர் அறிவுரையும் கொடுத்தார்: இனி எந்த வட்டிக்காரருக்கும் ஒரு காசு கட்டக் கூடாது, யாருடைய அழைப்பையும் எடுக்கக் கூடாது, எல்லாம் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். பணம் போனதைவிட இந்த அறிவுரைதான் எனக்கு அதிகக் கேடு செய்தது.

முதல் வாரம் கேட்டபோது, கடிதங்கள் போய்விட்டன என்றார்கள். நகல் கேட்டேன், 14 வேலை நாள் ஆகும் என்றார்கள். வேலை நாள் என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, இடையில் வந்த பொது விடுமுறைகளையெல்லாம் கழித்து அவர்கள் சொன்ன தேதி மாதக் கடைசிக்குப் போனது. மூன்றாவது வாரம் அந்தப் பெண் ஈப்போ கிளைக்கு மாற்றலாகிவிட்டதாகச் சொல்லி, ஓர் இளைஞர் பேச ஆரம்பித்தார். அவருக்கு நான் "அண்ணே" இல்லை, "பிரதர்". பிரதர், மேனேஜர் வெளியூரில் இருக்கிறார். பிரதர், சிஸ்டம் அப்டேட் ஆகிறது. பிரதர், உங்கள் கோப்பு மேலே போயிருக்கிறது. ஒருநாள் நேரில் போனபோது, கதவைப் பாதி திறந்து, மேனேஜரின் மாமியார் இறந்துவிட்டார் என்றார். துக்க வீட்டுக்காரரிடம் பணம் கேட்பது முறையா என்று நானே நொந்துகொண்டு திரும்பி வந்தேன். என் வாட்ஸ்அப் செய்திகளில் இரண்டு நீலக் கோடுகள் விழும், பதில் வராது.

இதற்கிடையே, சொன்னபடி நான் யாருடைய அழைப்பையும் எடுக்கவில்லை. எனவே கடன் கொடுத்தவர்கள் என்னைச் சுற்றியிருந்தவர்களை அழைத்தார்கள். சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் தங்கைக்கு, என் மைகாட் (அடையாள அட்டை) படத்தின் மேல் சிவப்பு எழுத்தில் திருடன் என்று போட்டு அனுப்பினார்கள். தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்கு ஒரே நாளில் பதினொரு அழைப்புகள் போயின. கேட்ட தொகை 6,150 இலிருந்து 8,000ஐத் தாண்டியது. பாயா தெருபோங்கில் எங்கள் அடுக்குமாடியின் அஞ்சல் பெட்டியில் ஒரு நோட்டீசு ஒட்டப்பட்ட அன்றுதான் மனைவிக்கு எல்லாம் தெரிந்தது. அவள் திட்டவில்லை. "வளையல் எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நாற்பத்தோராவது நாள், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். உடனே, அந்த ஒரு முறை மட்டும் உடனே, பதில் வந்தது: பணம் திரும்பப் பெறும் படிவத்துக்கு நிர்வாகக் கட்டணம் 350 ரிங்கிட். அந்த நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில், கட்டிய தொகை முழுவதும் சேவைக் கட்டணம் என்றும், அது திரும்பத் தரப்பட மாட்டாது என்றும், முடிவுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் இருந்தது. கையெழுத்து என்னுடையதுதான்.

அன்றே 997ஐ அழைத்தேன். அது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண், 2022 இலிருந்து இருக்கிறது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்திருந்தால் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கப் பார்க்கலாம், நாற்பத்தொரு நாள் என்பது மிகத் தாமதம் என்றார். பிறகு, ஒரு வங்கிக் கணக்கின்மீது மோசடிப் புகார் உண்டா என்று பார்க்க உதவும் காவல் துறையின் செமாக் மூல் தளத்தில் அந்தத் தனிநபர் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தேன். அதன்மீது ஏற்கெனவே நான்கு புகார்கள் இருந்தன. அனுப்புவதற்கு முன் அரை நிமிடம் செலவழித்திருந்தால் 3,000 என் கையில் இருந்திருக்கும். காவல் நிலையத்தில் புகார் எழுதியபோது, அதிகாரி என் வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அச்சிட்டுக் கொண்டுவரச் சொன்னார். ஐம்பத்திரண்டு பக்கம். அவற்றில் பாதி "பிரதர்".

அதற்கடுத்த நாள்தான் ஏகேபிகே பற்றி ஒரு சக தொழிலாளி சொன்னார். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம், அதற்குக் கட்டணமே கிடையாது. அவர்கள் முதன்மையாக வங்கிக் கடன்களையும் கடன் அட்டைகளையும்தான் மறுசீரமைக்கிறார்கள், என்னுடையதைப் போன்ற வட்டிக் கடன்களை அல்ல. ஆனாலும் வரவு செலவைப் போட்டுப் பார்க்க உட்கார வைப்பார்கள். இலவசமாக ஒன்று இருக்கும்போது 600 ரிங்கிட் கோப்புக் கட்டணம் கொடுத்தவன் நான். சட்டத்தையும் தேடிப் படித்தேன். உரிமம் பெற்றவர், பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, பிணையுள்ள கடனுக்கு 12. பணம் கைமாறுவதற்கு முன்பே, முத்திரையிட்ட ஒப்பந்தத்தின் நகல் வாங்குபவரின் கையில் இருக்க வேண்டும். நான் கையில் வாங்கிய 1,200க்கு ஆறு மாத வட்டி 108 ரிங்கிட்தான் வருகிறது. 1,308 கட்ட வேண்டிய இடத்தில் 1,800க்குக் கையெழுத்திட்டிருக்கிறேன். எனக்கு நகல் எதுவும் தரப்படவில்லை. அந்தக் கடையைப் பற்றி வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சுக்குத் தனியாகப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

கடனிலிருந்து மீளும் வழிகளை விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கண் எரிகிறது, ஏழு மணிக்கு மறுபடியும் ஷிப்டு. ஆகவே இவ்வளவுதான்: கடனைத் தீர்க்க முன்பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். நிறுவனத்துக்குக் கட்டும் பணம் தனிநபர் கணக்குக்குப் போகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வட்டிக்காரரின் அழைப்பை எடுக்காதே என்று சொல்பவரை நம்பாதீர்கள். எடுங்கள், பதிவு செய்யுங்கள், மிரட்டினால் புகார் கொடுங்கள். கையில் வாங்கியதைவிட அதிகத் தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள்.

பட்டர்வொர்த்தில் அந்த மாடிப்படியை ஏறியவர்கள் இதைப் படித்தால், வெட்கப்படாமல் நீங்களும் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், பணம் போன கணக்கு எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். எண்கள் ஒத்துப்போனால் புகார்களைச் சேர்த்து விசாரிக்க முடியும் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். என் 3,600இல் எவ்வளவு திரும்பும் என்று அவர் சொல்லவில்லை. அடகுச் சீட்டின் ஆறு மாதக் கெடுவில் நான்கு மாதமும் சில நாட்களும் மீதமிருக்கின்றன.