திக்கித் திக்கி ஓடும் வீடியோ: பிளேயரை மாற்றுவதா, பெட்டியை மாற்றுவதா?

நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5 உள்ள லேப்டாப்பில் சாதாரண 1080பி படம் சிக்கலில்லாமல் ஓடும். அதிலேயே எச்இவிசி என்ற புதிய முறையில் சுருக்கிய 4கே ஃபைலைத் திறந்தால் சத்தம் ஒழுங்காக வரும், படம் மட்டும் விட்டு விட்டு நகரும். பலரும் முதலில் சொல்வது, "எஸ்எஸ்டி போடுங்க, ரேம் ஏத்துங்க." இரண்டும் நல்ல செலவுதான், ஆனால் இந்தத் திக்கலுக்கு அது தீர்வு இல்லை. கனமான 4கே ஃபைல்கூட நொடிக்கு 100 மெகாபிட்டை ஒட்டித்தான் கேட்கும். பழைய ஹார்டு டிஸ்க்கே அதைப் போலப் பல மடங்கு தரும்.

சிக்கல் டிகோடிங்கில், அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துப் படமாக்குவதில் இருக்கிறது. எச்.264 என்ற பழைய சுருக்கு முறை வந்தது 2003-இல், எச்இவிசி 2013-இல். பிந்தையதை விரிக்கத் தனிச் சுற்று சிப்புக்குள் வேண்டும். இன்டெல்லில் 8-பிட் எச்இவிசிக்கு அது ஆறாம் தலைமுறையில் வந்தது, நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் 10-பிட்டுக்கும் விபி9 என்ற இன்னொரு சுருக்கு முறைக்கும் ஏழாம் தலைமுறையில், அதற்கடுத்து வந்த ஏவி1-க்குப் பதினொன்றில். அதற்கு முந்தைய சிப்பில் பிராசஸரே எல்லாவற்றையும் சுமக்கிறது. வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சிபியு 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் இதுதான் காரணம். சிபியு சும்மா இருக்க, வட்டம் மட்டும் சுற்றினால் இன்டர்நெட்டைப் பாருங்கள்.

காசில்லாத வழி பிளேயரை மாற்றுவது. விஎல்சி 3.0, 2018-இல் வந்தபோதே ஹார்டுவேர் டிகோடிங்கை, அதாவது சிப்பிலுள்ள தனிச் சுற்றிலேயே விரிப்பதை, தானாகவே இயக்கியது. வீட்டில் எல்லோரும் தொடுகிற கணினிக்கு அதுவே போதும். கிராஃபிக்ஸ் டிரைவர் மென்பொருள் பழசானால் அந்த ஹார்டுவேர் டிகோடிங்கே திக்கலுக்குக் காரணமாகலாம். அமைப்புகளில் அதை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எம்பிசி-எச்சி என்ற இன்னொரு பிளேயரின் பழைய குழு 2017-இல் நிறுத்திவிட்டாலும் வேறு கைகளில் அது தொடர்கிறது. விண்டோஸில் இன்னும் இலகுவாக ஓடும்.

என் ஓட்டு எம்பிவி என்ற பிளேயருக்கு. பார்க்க மொட்டையாக இருக்கும், ஹார்டுவேர் டிகோடிங்கும் முதலில் அணைந்தே இருக்கும். கன்ட்ரோல்+எச் அழுத்தினால் இயங்கும். ஷிஃப்ட்+ஐ அழுத்தினால் எந்த டிகோடர் வேலை செய்கிறது, எத்தனை ஃபிரேம் காட்டப்படாமல் விழுந்தது என்று திரையிலேயே எழுதிக் காட்டும். ஊகிக்கத் தேவையில்லை. ஆனால் சிப்பில் இல்லாத சுற்றை எந்தப் பிளேயராலும் கொண்டுவர முடியாது. நாலாம் தலைமுறையில் 1080பி எச்இவிசி தேறலாம், 10-பிட் 4கே தேறாது.

யூடியூப் மட்டும் திக்குகிறது என்றால் விஷயம் வேறு. அது விபி9 அல்லது ஏவி1 அனுப்புகிறது. எச்264இஃபை என்ற எக்ஸ்டென்ஷன் எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும். விலை என்னவென்றால், எச்.264 அங்கே 1080பி வரைதான் கிடைக்கும். 1366×768 திரைக்கு அது இழப்பே இல்லை. தரத்தை 480பிக்கு இறக்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஃபைலை எச்.264-ஆக மாற்றுவது கல்யாண வீடியோ, ஐபோனில் எடுத்த குழந்தை வீடியோ போலத் திரும்பத் திரும்பப் பார்ப்பவற்றுக்குச் சரி. பழைய கணினியில் மணிக்கணக்கில் ஓடும், தரமும் கொஞ்சம் குறையும். அசல் ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு: கிராஃபிக்ஸ் கார்டு. என்விடியா ஜிடி 1030-க்குத் தனி மின்இணைப்பு வேண்டாம். 10-பிட் எச்இவிசியும் விபி9-உம் விரிக்கும், ஏவி1 மட்டும் வராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிடி 710 வாங்கிவிடாதீர்கள், அதற்கு எச்இவிசியே தெரியாது. லேப்டாப்பில் கார்டு மாற்ற வழியில்லை. 4கே கட்டாயம் வேண்டுமென்றால் ஏழாம் தலைமுறைக்குக் கீழே எதையும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள்.

அப்புறம், கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் லேசாக உதறுகிறது, ஃபிரேம் எதுவும் விழவில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. 24 ஃபிரேம் படம் 60 ஹெர்ட்ஸ் திரையில் சீராகப் பங்கிடப்படாததால் வரும் உதறல் அது. எச்டிஎம்ஐயில் டிவி இணைத்திருந்தால், டிஸ்ப்ளே அமைப்பில் 24 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள்.