கிராமபோன் மோட்டாருக்கு மாற்றுப் பல்சக்கரம்: எது தேறும், எது தேறாது

சாவி கொடுத்து ஓடும் பழைய கிராமபோன் மோட்டார்களுக்கு இப்போது மூன்று வகை மாற்றுப் பல்சக்கரங்கள் கிடைக்கின்றன: பல் வெட்டிய பித்தளை, டெல்ரின் என்கிற அசிட்டால் பிளாஸ்டிக், 3டி பிரிண்டரில் எடுத்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேகத்தை ஒரே சீராக வைக்கும் கவர்னரை ஓட்டும் சக்கரத்துக்கு டெல்ரின் போதும், பல சமயம் அதுதான் மேல். ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டிரம்மிலிருந்து விசையை வாங்கும் சக்கரங்களுக்குப் பித்தளையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பிரிண்ட் எடுத்தது அளவு ஒத்துப்பார்க்க மட்டும்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. டிரம் பக்கம் வேகம் குறைவு, விசை அதிகம். ஸ்பிரிங் அறுந்தால் வரும் எதிரடியில் அங்கே பல் முறியும். கவர்னர் பக்கம் விசை சொற்பம், வேகம் அதிகம். பல் முறியாது, அரைபட்டு அரைபட்டுக் கூராகிவிடும். அங்கே இன்னொரு விசித்திரமும் உண்டு. வழக்கமாக வார்ம் என்கிற திருகு வடிவத் தண்டுதான் சக்கரத்தைச் சுழற்றும். இதில் சக்கரம் வார்மைச் சுழற்றுகிறது. அதனால்தான் அந்த வார்மில் ஒன்றுக்கு மேற்பட்ட இழைகளைச் சரிவாக வெட்டியிருப்பார்கள். உராய்வு கொஞ்சம் கூடினாலும் தட்டு தயங்கும், பாட்டு இழுக்கும். எஃகு வார்மோடு டெல்ரின் வழுவழுப்பாக ஓடும், சத்தமும் குறைவு. பல மோட்டார்களில் முதலிலேயே பித்தளைக்குப் பதில் ஃபைபர் சக்கரம் வைத்ததும் இதற்காகத்தான்.

வாங்குவதற்கு முன் காசில்லாத வழி ஒன்றை முயலுங்கள். மோட்டார் ஒரே திசையில் ஓடுவதால் ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் மட்டுமே தேயும். சக்கரத்தைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். பல் சரிவாக வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, திருப்பினால் சரிவின் திசை மாறாது. அச்சோடு சேர்த்து அடித்துப் பொருத்திய சக்கரமானால் மட்டும் இது நடக்காது. எதைக் கழற்றுவதானாலும் முதலில் ஸ்பிரிங்கை முழுக்க ஓடவிட்டுத் தீர்த்துவிடுங்கள். சாவி ஏறியிருக்கும்போது கவர்னரை எடுத்தால் மிச்சச் சக்கரங்கள் தறிகெட்டுச் சுழலும். நல்ல பல்லும் போகும், விரலும் போகும்.

மாற்றுப் பித்தளைச் சக்கரங்களில் பெரிய குறை உலோகம் அல்ல, பல்லின் அளவு. உதாரணத்துக்கு, 40 பல் சக்கரம் ஒன்றின் வெளிவிட்டம் 22.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, வரும் 42-ஆல் வெளிவிட்டத்தை வகுத்தால் மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் மி.மீ. கணக்கு) 0.53 வருகிறது. "0.5தானே, கிட்டத்தட்ட சரி" என்று விற்பவர் சொல்வார். சரியில்லை. அது அங்குலக் கணக்கில் வெட்டிய 48 டயமெட்ரல் பிட்ச், அதாவது ஓர் அங்குல விட்டத்துக்கு 48 பல். மாட்யூல் 0.5-இல் வெட்டிய 40 பல் சக்கரத்தின் வெளிவிட்டம் 21 மி.மீ.தான். அதை மாட்டினால் ஒவ்வொரு பல்லும் முட்டிக்கொண்டு நுழையும், அதோடு ஜோடி சேரும் சிறு சக்கரமான பினியனையும் சேர்த்துத் தின்றுவிடும். பிரிட்டிஷ், அமெரிக்க மோட்டார் என்றால் அங்குலக் கணக்கையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். பல் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் காலிப்பர் அசல் விட்டத்தைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். இந்தக் கணக்கு நேர்ப்பல்லுக்குத்தான். கவர்னர் சக்கரம் போன்ற சரிவுப் பல்லுக்கு இது பொருந்தாது. பழைய சக்கரத்தையும் வார்மையும் சேர்த்தே பல் வெட்டுபவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

பிரிண்ட் எடுத்தவை பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. இழை உருக்கி எடுத்ததில் பல் அடுக்கு அடுக்காகப் பிரியும், பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகிவிடும், வெயிலில் மூடிய காருக்குள் வைத்தாலே போதும். ரெசினில் எடுத்தது பார்வைக்கு அழகு, பல்லோ பிஸ்கட்.

ஒரே ஒரு பல் போயிருந்தால் சக்கரமே வாங்க வேண்டாம். பல் இருந்த இடத்தில் உள்ளே அகன்று வெளியே குறுகிய பள்ளம் அறுத்து, அதே கனமுள்ள பித்தளைத் துண்டைப் பக்கவாட்டில் நுழைத்து, சாதா ஈயப்பற்று வையுங்கள். வெள்ளிப்பற்று உறுதிதான், ஆனால் அதற்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பித்தளை மெத்தென்று ஆகிவிடும். பள்ளத்தின் வடிவமே துண்டைப் பிடித்துக்கொள்வதால் ஈயமே போதும். பிறகு பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து ஊசி அரத்தால் ராவவும்.

புதுச் சக்கரம் மாட்டியதும் சத்தம் வந்தால் உடனே சக்கரத்தைத் திட்டாதீர்கள். பல மோட்டார்களில் கவர்னர் அச்சின் இரு முனைகளையும் தாங்கும் புஷ்கள் மையம் விலகித் துளையிட்டவை. திருகைத் தளர்த்திப் புஷ்ஷைச் சற்றே திருப்பினால் வார்ம் சக்கரத்தை நெருங்கும் அல்லது விலகும். அச்சை விரலால் அசைத்தால் மயிரிழை ஆட்டம் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் இறுக்கம். கவர்னரைத் தாங்கும் துத்தநாகக் கலவை வார்ப்பு உப்பி விரிசல் விட்டிருந்தால் எந்தச் சக்கரமும் உதவாது, முதலில் அதை மாற்ற வேண்டும்.

வேகத்தை ஸ்ட்ரோப் தட்டு (சுற்றிலும் கோடு போட்ட வட்டம்; வேகம் சரியானால் மின்விளக்கின் மினுக்கலில் கோடுகள் நின்றாற்போல் தெரியும்) வைத்துச் சரிபார்க்கவும்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 77 கோடு, 60 ஹெர்ட்ஸில் 92 கோடு. சில எல்.இ.டி. விளக்குகள் மினுங்குவதே இல்லை, நியான் பல்பில் தெளிவாகத் தெரியும். கோடுகள் மெல்ல ஒரே பக்கம் நகர்ந்தால் வேகத் திருகைத் திருப்பினால் தீர்ந்தது. முன்னும் பின்னுமாகத் துடித்தால் பல் இன்னும் எங்கோ முட்டுகிறது.