சுகர்–ஹார்ட் பேக்கேஜ்: காசு கட்டும் முன் டியூப் மூடியைப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை பல லேப்களில் இப்போது இந்தப் பேக்கேஜ் கிடைக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொழுப்பு, இன்சுலின், சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் புரதம்) எல்லாம் ஒரே ஊசியில். யோசனை நல்லதுதான். தொப்பைக்குள் சேரும் கொழுப்பிலிருந்து ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் கசிகின்றன. அவை இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும், ரத்தக்குழாயின் உட்சுவரையும் கெடுக்கும். சுகர்காரர்களுக்கு மாரடைப்பு பயம் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் சிஆர்பி. ரிப்போர்ட்டில் '6-க்குக் கீழ்' என்று மட்டும் போட்டிருந்தால் அது சாதாரண சிஆர்பி. கிருமித் தொற்றைக் காட்டும், இதயக் கணக்குக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது சின்ன அளவையும் துல்லியமாகக் காட்டும் எச்எஸ்-சிஆர்பி, 0.8, 2.4 என்று புள்ளி வைத்து வரும். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் நல்லது, 1 முதல் 3 நடுத்தரம், அதற்கு மேல் ஆபத்து அதிகம். 10-ஐத் தாண்டினால் பதற வேண்டாம்: சளி, காய்ச்சல், ஈறு வீக்கம், காலில் ஆறாத புண் ஏதாவது இருக்கும். அதைச் சரி செய்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

அதிகம் சொதப்புவது இன்சுலின் பகுதிதான். வெறும் வயிற்றுச் சர்க்கரையை இன்சுலின் அளவால் பெருக்கி 405-ஆல் வகுத்தால் வருவது ஹோமா-ஐஆர், இன்சுலின் எதிர்ப்பைக் காட்டும் எண். சர்க்கரை 126, இன்சுலின் 18 என்றால் 5.6, இன்சுலின் எதிர்ப்பு நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் காசிமேட்டில் வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தம், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நின்றால்? சாதாரண டியூபில் ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். 126 என்பது 112 ஆகிவிடும், ஹோமாவும் 5-க்கு இறங்கிவிடும். அதனால் சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு டியூப்தானா என்று எடுக்கும்போதே பாருங்கள். சிவப்பணு உடைந்த ரத்தத்தில் இன்சுலினும் குறைத்துக் காட்டும். ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்டு' என்று இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அந்தக் காசு வீண். தையல்காரர் டேப்பால் இடுப்பை அளந்தாலே போதும்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால் எச்சரிக்கை.

கொழுப்பு ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொழுப்பான எச்டிஎல்லைக் கழியுங்கள், மிச்சம்தான் கெட்ட கொழுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் கணக்குப் போட்டு எழுதிய எல்டிஎல்லை நம்ப முடியாது, இந்தக் கழித்தல் அப்போதும் கைகொடுக்கும்.

எங்களுக்குப் பெரிய மனக்குறை, பல பேக்கேஜ்களில் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் இல்லாததுதான். கிராமுக்கு 30 மி.கி.யைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் அது முன்னறிவிப்பு. ஊசி போடுபவர்கள் இன்சுலினை எடுத்துவிட்டு இதைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். காலை முதல் சிறுநீர் கொடுப்பது நல்லது.

சர்க்கரையோடு 40 வயதைத் தாண்டியவர்கள், சிஆர்பி நன்றாக வந்துவிட்டது என்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. ரிப்போர்ட்டோடு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ உங்கள் டாக்டரிடமோ காட்டிவிட்டு முடிவெடுங்கள்.