கம்பியில் சுட்ட கறி: துண்டா, கொத்தியதா?

எளிய உணவகத்தில் சுட்ட கறியை முதன்முறையாகச் சாப்பிடப் போகிறவருக்கு நான் துண்டுக் கறியைத்தான் சொல்வேன். என்ன இறைச்சி, எவ்வளவு கொழுப்பு என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். துண்டுகளுக்கு நடுவே கோத்த கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்; அதிலிருந்து எழும் புகைதான் கறியில் மணமாகப் படிகிறது. ஓரம் மொறுமொறுப்பாக, உள்ளே சாறு குறையாமல் இருக்கும். சுடச்சுடச் சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும்.

கொத்துக்கறி மென்மையானது, பல் வலுவில்லாதவர்களுக்கும் ஏற்றது. கம்பி தட்டையாக இருப்பது நல்லது. உருண்டைக் கம்பியில் கறி வழுக்கிச் சுழலும். ஆனால் அரைக்கும்போது மேற்பரப்புக் கிருமிகள் உள்ளேயும் கலந்துவிடுவதால், நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டியாக வேண்டும். பிட்டுப் பாருங்கள். நடுவில் சிவப்பு தெரிந்தால் தயங்காமல் மீண்டும் சுடச் சொல்லுங்கள்.