சப்பாத்தியை நிறுத்துவதா, முதலில் ரத்தம் கொடுப்பதா?

மாமனாருக்குச் சர்க்கரை வந்த பிறகு எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு சப்பாத்தி என்று ஆகிவிட்டது. அதற்கு ஆறேழு மாதம் கழித்துதான் எனக்குத் தொந்தரவு ஆரம்பித்தது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொள்ளும். காலையில் இரண்டு மூன்று தடவை ஓட வேண்டியிருக்கும். மதியம் மூன்று மணிக்கெல்லாம் தலைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி ஓர் அசதி. அம்மா சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஒரு டாக்டர் டென்ஷன் என்றார். அலுவலகத் தோழிதான் முதலில் குளூட்டன் என்ற, கோதுமையில் இருக்கும் புரதத்தின் பெயரை என் காதில் போட்டாள்.

இந்த நிலையில் இருப்பவருக்கு முன்னால் நாலைந்து வழிகள் இருக்கின்றன. நான் எல்லாவற்றையும் முயன்றேன், ஆனால் தலைகீழ் வரிசையில். அதில் வீணான மாதங்கள் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

எல்லோரும் முதலில் செய்வது கோதுமையை நிறுத்துவது. செலவில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. இட்லி, தோசை, சோறு என்று வாழும் நமக்கு இது சுலபமாகவும் தெரியும். நான் நிறுத்திய பத்தாவது நாள் வயிறு தட்டையாகிவிட்டது. கண்டுபிடித்துவிட்டோம் என்று அழுதேவிட்டேன். நாலு மாதம் கழித்து ஒரு குடல் மருத்துவரைப் பார்த்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சோதனை செய்த பிறகு நிறுத்தினீர்களா, செய்யாமலா?"

விஷயம் இதுதான். சீலியாக் நோய் இருந்தால் கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டனுக்கு எதிராகக் கிளம்பும் உடலின் தற்காப்பு, சிறுகுடலின் உட்பரப்பையே தாக்குகிறது. அப்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் டிடிஜி ஐஜிஏ சோதனை. கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் மெல்ல மெல்லக் குறையும், குடலும் ஆறும். நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரும். நாமே தடயத்தை அழித்துவிட்டு விசாரணைக்குப் போகிறோம். என்னை மறுபடி ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். நல்லபடியாக இருந்த வயிற்றுக்குள் தெரிந்தே சப்பாத்தியைத் தள்ளிய அந்த ஆறு வாரத்தை மறக்க மாட்டேன்.

நிறுத்தியதும் சரியானதே ஆதாரம் ஆகாதா? ஆகாது. சப்பாத்தியோடு குருமாவும் போயிற்று, பரோட்டாவோடு சால்னா போயிற்று, பிஸ்கட்டும் போயிற்று. கோதுமையிலேயே குளூட்டன் என்ற புரதத்தோடு ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பதும் அதுவே. நார்வேயில் சீலியாக் இல்லாத, ஆனால் குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களே ஒதுக்கியிருந்த 59 பேருக்கு, எது எதில் என்று சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் வயிற்றை அதிகம் படுத்தியது ஃப்ரக்டான்தான். குளூட்டன் கலந்ததற்கும் எதுவும் கலக்காததற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இன்னொன்று, நிறுத்திவிட்டோம் என்று நினைப்போம், நிறுத்தியிருக்க மாட்டோம். மளிகைக் கடையில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். நாலு மாதமாக என் சாம்பார், ரசம், மோர்க்குழம்பு எல்லாவற்றிலும் கோதுமை இருந்திருக்கிறது. உண்மையான சீலியாக் நோயாளிக்கு இந்தத் துளியும் கூடாது. அவர்கள் அரிசி மாவு கலந்த பெருங்காயம்தான் தேடி வாங்க வேண்டும்.

ஆகவே என் ஓட்டு ரத்தப் பரிசோதனைக்கு, அதுவும் தட்டில் சப்பாத்தி இருக்கும்போதே. இந்தச் சோதனை தேடுவது ஐஜிஏ என்ற வகை எதிர்ப்பொருளை, கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் கேட்டு வாங்குங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு, அவர்களுக்கு இந்தச் சோதனை பொய்யாக நல்ல பதில் சொல்லும். டிடிஜி கூடுதலாக வந்தால் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்வார்கள். கோதுமையை மறுபடி தொடவே முடியாது என்பவர்களுக்கு எச்எல்ஏ மரபணுச் சோதனை உண்டு. டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் சீலியாக் ஏறக்குறைய இல்லை எனலாம். இருந்தால் எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் நம்மில் மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது.

"நம்ம பக்கம் அதெல்லாம் ஏது?" என்று கேட்பார்கள். பாதி உண்மை. 2016இல் வந்த இந்திய ஆய்வில் ஹரியானா பக்கம் நூற்றுக்கு ஒருவர் அளவில் சீலியாக் இருந்தது, வேலூர் பக்கம் ஆயிரத்துக்கு ஒருவர். ஆனால் அந்த மரபணு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். பெரிய வித்தியாசம் சாப்பிடும் கோதுமையின் அளவில் இருந்தது. இரவு தோறும் சப்பாத்தி என்று நம் வீடுகள் மாறிவரும்போது இதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை, வளராத குழந்தை, காரணமில்லாத எடை இழப்பு, வீட்டில் யாருக்காவது சீலியாக், இவை இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. மலத்தில் ரத்தம் போனால் உணவு ஆராய்ச்சியை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள்.

ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளை ஒவ்வோர் உணவுக்கும் அளந்து காட்டும் 'உணவு ஒவ்வாமை' பேனல் பற்றி நான் நிறையச் சொல்லப் போவதில்லை. செய்யாதீர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சையில் அழகான ரிப்போர்ட் வரும். என்னுடையதில் அரிசி, துவரம் பருப்பு, முட்டை மூன்றும் சிவப்பு. நான் தினம் சாப்பிடுவதும் இவைதானே! ஐஜிஜி காட்டுவதே அதைத்தான்: இந்த உணவு உடலுக்குப் பழக்கம் என்பதை. அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதை நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன.

சீலியாக் இல்லை என்று தெரிந்த பிறகு உணவை நீக்கிப் பார்க்கும் வழிகளுக்கு மதிப்பு வருகிறது. முதலில் பால். இரண்டு வாரம் பால் காபி, பால் இனிப்பு வேண்டாம். பெரியவர்களான பிறகு பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவது நம்மில் சகஜம், தயிரும் மோரும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். அதில் தீராவிட்டால் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் முறை, அதாவது ஃப்ரக்டான் போலக் குடலில் சரியாகச் செரிக்காத மாவுச்சத்துகளை ஒதுக்கிப் பார்ப்பது. இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை வெங்காயம், பூண்டு, கோதுமை, கொண்டைக்கடலை, காலிஃபிளவர், மாம்பழம் எல்லாம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. கூட்டுக் குடும்ப அடுப்படியில் இது லேசில்லை, தனிக் குழம்பு வைக்க வேண்டும், பேச்சும் கேட்க வேண்டும். ஒரு வழி எனக்குக் கைகொடுத்தது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, தண்ணீர் படுவதற்கு முன் பூண்டை எடுத்துவிட்டால் வாசனை மட்டும் குழம்பில் நிற்கும். முதல் கட்டத்திலேயே தங்கிவிடுவதுதான் இதில் எல்லோரும் செய்யும் தப்பு. திரும்பச் சேர்த்துப் பார்க்காவிட்டால் பட்டினி ஒன்றுதான் மிச்சம். முடிந்தால் உணவியல் நிபுணர் ஒருவரை வைத்துச் செய்யுங்கள்.

என் டிடிஜி சாதாரணம், மொத்த ஐஜிஏவும் சரி. எனக்கு ஒத்துக்கொள்ளாதவை பாலும் சின்ன வெங்காயமும். அசதிக்குக் காரணம் சாப்பாடே இல்லை, அதே ரத்தத்தில் பார்த்த டிஎஸ்எச் என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் கூடியிருந்தது, தைராய்டு குறைபாடு. இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, பாலுக்குப் பதில் சுக்குக் காபி. இரவு மாமனாருக்குப் போடும்போது எனக்கும் இரண்டு சப்பாத்தி சேர்த்தே போடுகிறேன், தொட்டுக்கொள்ள மட்டும் வெங்காயமில்லாத தக்காளித் தொக்கு.