பாசிட்ரான் ஆயுள் அளக்க டிஜிட்டல் கருவி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) உலோகத்துக்குள் நுழைந்து ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்வரை ஆகும் நேரமே அதன் ஆயுள். அணு காலியான இடங்கள் இருந்தால் அது நீளும். சோடியம்-22 பாசிட்ரானோடு விடும் 1274 கே.இ.வி. (ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட்) காமா கடிகாரத்தைத் தொடங்கும், அதுதான் ஸ்டார்ட். அழியும்போது வரும் 511 கே.இ.வி. காமா அதை நிறுத்தும், அதுதான் ஸ்டாப். நியூட்ரான் பட்ட எஃகில் இந்த ஆயுளை அளக்கலாம் என்று சொல்லித்தான் இந்தத் தொகுதியை எங்கள் ஆய்வகத்துக்கு விற்றார்கள். விவரத்தாளில் காலப் பிரிதிறன் (நேரத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறது என்பது, சிறியதே நல்லது) 170 பைக்கோசெகண்ட். சோடியம்-22 மூலத்தை வைத்து ஓட்டினால் 240-ஐத் தாண்டுகிறது. கேட்டால், 'எங்கள் சோதனையில் வந்ததே' என்கிறார்கள். வந்திருக்கும். அந்தச் சோதனை கோபால்ட்-60 வைத்து, இரண்டு டிடெக்டரிலும் ஆற்றல் சாளரத்தை (ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் வரம்பை) மேலே தூக்கி வைத்து எடுத்தது. ஆற்றல் கூடினால் டிடெக்டரில் ஒளி கூடும், ஒளி கூடினால் நேரத் தடுமாற்றம் குறையும். நமக்கோ ஸ்டாப் பக்கம் 511 கே.இ.வி. காமாவைப் பிடித்தாக வேண்டும். பிளாஸ்டிக் சிண்டிலேட்டரில் (காமா பட்டால் ஒளிரும் டிடெக்டர் பொருளில்) அது விட்டுச்செல்வது காம்ப்டன் விளிம்பான, அதாவது ஒரு மோதலில் விடக்கூடிய அதிகபட்சமான, 341 கே.இ.வி. வரைதான்.

பல்ஸை எண்களாக்கும் டிஜிட்டைசரிலும் இதே கதை. 'நொடிக்கு 4 ஜிகா சாம்பிள்' என்பது ஒரு சேனலுக்கு மட்டும். இரண்டையும் திறந்தால் 2. பல்ஸ் ஏறுவதே இரண்டு நானோசெகண்டுக்குள் முடிந்துவிடும், ஏறுமுகத்தில் நாலைந்து புள்ளிதான் கிடைக்கும். அதோடு, 1274 கே.இ.வி. பல்ஸ்கள் உச்சி வெட்டுப்பட்டு வந்தன. உயரம் தெரியாத பல்ஸில் 'உயரத்தில் இத்தனை சதவீதம்' என்று நேரம் குறிக்க முடியுமா? இதைக் கண்டுபிடிக்கவே தாமதமானது, ஏனென்றால் மென்பொருள் அலைவடிவத்தைச் சேமிக்காது. முடிந்த ஹிஸ்டோகிராமை (நேரங்களின் பரவல் வரைபடத்தை) மட்டும் நீட்டும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வந்த தொகுதியில் இரண்டே டிடெக்டர் என்பதுதான் பெரிய ஏமாற்று. கதிர்பட்ட எஃகில் கோபால்ட்-60 இருக்கும். ஒரே சிதைவில் 1173, 1332 கே.இ.வி. என இரண்டு காமா, கிட்டத்தட்ட ஒரே கணத்தில். அவற்றின் காம்ப்டன் விளிம்புகள் 963, 1118. சோடியத்தின் 1274-க்கு 1062. ஸ்டார்ட் சாளரத்தை எங்கே நகர்த்தினாலும் கோபால்ட் கூடவே வரும். ஸ்டாப் சாளரத்துக்குள்ளும் அதன் காம்ப்டன் பரவல் விழும். விளைவு, நேரப் பூஜ்யத்தில் (ஸ்டார்ட்டும் ஸ்டாப்பும் ஒன்றாக அடிக்கும் இடத்தில்) ஒரு பொய் மேடு. பொருத்தும் நிரல் அதை ஒரு குறுகிய ஆயுளாக எடுத்துக்கொள்ளும். குறையில்லாத இரும்பில் ஆயுள் சுமார் 107 பைக்கோசெகண்ட், ஓர் அணு காலியான இடத்தில் சுமார் 175. பொய் மேடு சராசரியைக் கீழே இழுப்பதால், அடிபட்ட எஃகு அடிபடாததைவிட நன்றாகத் தெரியும்!

'மென்பொருளில் கழித்துக்கொள்ளலாம்' என்பது அவர்கள் பதில். சோடியம் இல்லாமல் மாதிரியை மட்டும் அளந்து கழிப்பதைச் சொல்கிறார்கள். நேரப் பூஜ்யம் சில பைக்கோசெகண்ட் நகர்ந்தாலே மேட்டின் இரு ஓரத்திலும் எச்சம் நிற்கும். மாதிரியின் கதிரியக்கம் கூடக் கூட, கழித்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் இரைச்சல்.

சரியான வழி மூன்று டிடெக்டர். 511 காமாக்கள் எதிரெதிராகப் போவதால் இரண்டை 180 பாகையில் வைத்து, ஸ்டார்ட்டைச் செங்குத்தாக வைக்க வேண்டும். கோபால்ட் இரண்டு காமாதான் விடும் என்பதால் மூன்றும் சேர்ந்து அடிப்பது அரிது. இரண்டு 511 நேரங்களையும் சராசரி எடுத்தால் பிரிதிறனும் கொஞ்சம் தேறும். எண்ணிக்கை வேகம் பல மடங்கு விழும். பத்து லட்சம் நிகழ்வு சேர நாட்கணக்கில் ஆகும். அதனால் அத்தனை நாளும் அறை வெப்பநிலை ஆடக் கூடாது, ஆடினால் நேரப் பூஜ்யம் நகரும்.

பணம் கொடுக்கும் முன், பிரிதிறனைச் சோடியம்-22 மூலத்தில், உண்மையான சாளரங்களில், எல்லாச் சேனலும் திறந்த நிலையில் காட்டச் சொல்லுங்கள். கச்சா அலைவடிவக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பதப்படுத்திய (குறைகள் நீங்கச் சூடாக்கி மெல்ல ஆறவிட்ட) தூய இரும்புத் தகடு இரண்டை, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கும்படி, நீங்களே கொண்டுபோங்கள். கேப்டன் (Kapton) என்னும் பிளாஸ்டிக் படலத்தில் அடைத்த மூலம் என்றால், படலத்திலேயே அழியும் பாசிட்ரான்களின் 382 பைக்கோசெகண்ட் பங்கும் கூடவே வரும். அதைக் கழித்தபின் 107-ஐ ஒட்டி வராவிட்டால் ஏற்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களுக்கு மூன்றாவது டிடெக்டரைத் 'தனி விலைப்பட்டியல்' என்று அனுப்பியிருக்கிறார்கள். டிஜிட்டைசரில் அதற்குச் சேனலே இல்லை.